மேல்கல்

தண்டையார்பேட்டையில் மிளகாயும் மல்லியும் அடுக்கும் கிடங்குகளின் வரிசையில் ஒரே ஒரு கிடங்கில் மட்டும் கல் மூட்டைகள் இருந்தன. கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ரகுபதி என்பவர், வடாற்காட்டுப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் தோண்டி எடுத்த கற்கள் அவை. வைக்க வேறு இடம் அமையாததால் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒவ்வொரு கல்லையும் மண் போகக் கழுவிக் காயவைத்து, எந்தக் குழியில் கிடைத்தது என்று அதன்மேல் கறுப்பு மசியால் எண் எழுத வேண்டும். எழுதுவது அவர் வேலை. கழுவுவது ராயபுரத்திலிருந்து நடந்து வரும் இரண்டு பெண்களின் வேலை.

"யக்கா, ஊரே அரிசில கல்லு பொறுக்கினுகீது. நாம மட்டும் கல்லுல கல்லு பொறுக்கினுகீறோம்" என்றாள் ஆலிஸ்.

1967ஆம் வருடத்துத் தொடக்கம். அரிசி அரிதாகி, ரேஷன் கடையில் கோதுமை போட்டுக்கொண்டிருந்த காலம். ஆலிஸ் இப்படி ஏதாவது சொன்னால் துக்க வீட்டில்கூடச் சிரித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷால் கல் தேய்த்துக்கொண்டிருந்த சிலுவையம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னாக்கா, நேத்தும் கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"மீன் விக்கப் போடின்னாரு."

சிலுவையம்மாளின் புருஷன் கஸ்பார், ராயபுரத்தில் சுப்புராயனின் மாவு மிஷினுக்குக் கல் கொத்துபவன். மாவு மிஷின் என்றால் பெல்ட்டும் மோட்டாரும் போடும் சத்தமும்தான் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது இரண்டு வட்டக் கருங்கல். கீழ்க்கல் அசையாது, மேல்கல் அதன்மேல் சுழலும். இரண்டின் முகத்திலும் நடுவிலிருந்து விளிம்புவரை சாய்வாகக் கோடுகள் வெட்டியிருக்கும். பத்து நாள் ஓடினால் கோடு மழுங்கிவிடும். அப்போது மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப்போட்டு, காவி தடவிய நேர்க்கட்டையை முகத்தின்மேல் இழுப்பார்கள். மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அந்த மேட்டை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி இறக்கி, கோடுகளை மறுபடி ஆழப்படுத்த வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. ஈரம் பட்டால் கொத்திய புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அதோடு கல் ஈரம் குடித்து மாவில் வாடை ஏற்றும். காய்ந்த கல்லைக் காய்ந்தபடியே கொத்துவதுதான் அந்தத் தொழிலின் முறை.

சுப்புராயனுக்கு மூன்று மிஷின். மூன்றின் கல்லும் பதினான்கு வருஷமாகக் கஸ்பாரின் கையில்தான் இருந்தன. அதற்காக முதல் மிஷினுக்குப் பின்னாலேயே ஒரு அறையைக் கொடுத்து அவனைக் குடும்பத்தோடு குடிவைத்திருந்தார். இப்போது நாலு மாதமாகக் கஸ்பாரால் சுத்தியைத் தூக்க முடியவில்லை. இருமல். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விட்டு வந்து "நெஞ்சு சளி" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டான். தெருவே அதை டி.பி. என்று முடிவு செய்து, அவன் குடித்த தம்ளரைத் தனியாக வைத்தது.

சுப்புராயன் கெட்ட மனிதர் அல்ல. நாலு மாதம் பொறுத்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து யாரோ ஒருவனை வரவழைத்து ஒப்பேற்றிப் பார்த்தார். அவன் கொத்தியது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கடைசியில் சிலுவையம்மாளைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, ஒங்க நோன்பு ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு கைய ஏற்பாடு பண்ணு. ஒம்புருசனோ, நீ இட்டுனு வர ஆளோ, எனக்கு யாரா இருந்தாலும் சரி. கல்லு கொத்தறவனுக்குத்தான் அந்த ரூமு. வேற ஆள வச்சா அவனுக்குக் குடுத்துதான் ஆவணும். நான் இன்னா பண்ணட்டும், சொல்லு?"

இருமுகிற மனிதனுக்கு ராயபுரத்தில் வேறு யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். பத்து வயது மகள் லூர்துவையும் சாகக் கிடக்கும் புருஷனையும் கூட்டிக்கொண்டு எந்தச் சுவரோரம் போய் உட்காருவது? யாராக இருந்தாலும் சரி என்று முதலாளி சொன்ன வார்த்தை மட்டும் அவள் காதில் நின்றது. அந்த யாரோ ஏன் நானாக இருக்கக் கூடாது?

அன்று சாயந்திரமே கஸ்பாரிடம் கேட்டாள்.

"ஒரு தபா சொல்லிக்குடுய்யா. கோடு எப்டி போடறதுன்னு மட்டும்."

"அது பொம்பளைங்க தொடற வேல இல்ல."

"ஏன், உளி கடிச்சுடுமா?"

"சொம்மா கெட சிலுவ. மீன் வித்துப் பொய."

"மீன் விக்கறவளுக்கு மிசினுக்குப் பின்னால வூடு யாரு குடுப்பா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் இன்னும் நாலு முறை கேட்டாள். நாலு முறையும் அந்த முதுகைத்தான் பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் ஒளித்ததில்லை. கோயில் திருவிழாவில் வாங்கிய ஒரு முறுக்கைக்கூடப் பாதியாக உடைத்துப் பெரிய பாதியைத் தருகிறவன். அப்படிப்பட்டவன் கைத்தொழிலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன்னோடு குழிக்குள் கொண்டுபோகப் பார்க்கிறானே என்று அவளுக்கு மனம் வெந்தது. செபமாலை சொல்லும்போதுகூட அந்தக் கோபம் குறுக்கே வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் மத்தியானம் ரகுபதி இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, ஒரு சாக்கின்மேல் கறுப்புக் கற்கள் ஐந்தை வரிசையாக வைத்தார்.

"கழுவிக் கழுவிக் கை தேஞ்சுபோச்சு உங்களுக்கு. எதைக் கழுவறீங்கன்னாவது தெரிய வேண்டாமா? இதெல்லாம் கோடாரிம்மா. அந்தச் சரிவுல முதல்முதலா விதை போட்டவங்க செஞ்சது. நாலாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஒண்ணுகூட ஒயுங்கா இல்லியே சார்" என்றாள் ஆலிஸ்.

"ஒழுங்கா இருந்தா ஏன் வீசிட்டுப் போறாங்க? இதெல்லாம் பழகறவங்க கெடுத்தது."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முதலில் அடித்துச் சில்லு பெயர்ப்பது. பிறகு இன்னொரு கல்லால் புள்ளி புள்ளியாகக் கொத்தி உருவம் கொண்டுவருவது. கடைசியில் பாறைமேல் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்ப்பது. தேய்க்கப் பொறுமை போதும், வீட்டில் யாரும் தேய்க்கலாம். கொத்துவதற்குத்தான் பழக்கம் வேண்டும். பழகுபவர்களுக்கு நல்ல கல்லை யாரும் கொடுக்கவில்லை, விரிசல் விட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கை தேர்ந்தவர்கள் உட்கார்ந்த இடத்தில் பெரிய சில்லுகள் குவிந்து கிடக்கின்றன. அதைச் சுற்றி ஓரமாக, நொறுங்கிய சில்லுகள். கற்றுக்கொண்டவர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே கொத்தியிருக்கிறார்கள்.

ஒரு கல்லை எடுத்துச் சிலுவையம்மாள் கையில் கொடுத்தார். "இதைப் பாருங்க. இந்தப் பக்கம் ஆறு அடி. ஆறும் ஒரே இடத்துல, ஆறும் தப்பு. ஏழாவது அடி வேற கை. பக்கத்துல இருந்த யாரோ கல்லை வாங்கி, ஒரு தட்டு தட்டி, திருப்பிக் குடுத்திருக்காங்க."

அவள் அந்த ஏழாவது தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"சொல்லிக்குடுத்தவங்க வாயால இன்னா சொன்னாங்கன்னு தெரியுமா சார்?"

"தெரியாதும்மா. ஒண்ணும் சொல்லாமலேகூட இருந்திருக்கலாம். அடிச்ச தடத்தைப் பாத்தே கத்துக்கலாம் இல்லியா? நான் அப்படித்தான் படிக்கறேன்." பிறகு சேர்த்துச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. நமக்குக் கிடைச்சது அவங்க போட்டுட்டுப் போனது மட்டும்தான். எடுத்துக்கிட்டுப் போனதை நாம பாக்கல. அதனால நான் சொல்றதுல பாதி தப்பா இருந்தாலும் இருக்கும்."

அவர் சொன்னதில் முன்பாதியை அவள் மனதில் முடிந்துகொண்டாள். பின்பாதி அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

மிஷினுக்குப் பின்புற முற்றத்தில், வேப்பமரத்தடியில், தேய்ந்து உபயோகமற்றுப் போன பழைய கற்கள் கிடந்தன. பதினான்கு வருஷத்துக் கற்கள். அவற்றின்மேல் துணி காயப்போட்டிருக்கிறாள், வடகம் காயவைத்திருக்கிறாள். இப்போது முதல்முறையாக அவற்றைக் கழுவினாள். ரகுபதி தன் பூதக்கண்ணாடியை இரவல் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் அவள் கிளம்பிப் போனால், "ஆலிஸ் இருக்காளே, பரவாயில்லை" என்று சொல்லி அவரே வாளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கல் கழுவினார்.

கணவன் வாய் திறந்து சொல்லாததைக் கற்கள் சொல்லின. கோட்டின் ஒரு கரை செங்குத்து, மறுகரை சரிவு. நடுவில் ஆழம், விளிம்புக்குப் போகப்போக மேலேறிவிடும். புள்ளிகள் நடுவில் நெருக்கம். அடியில் கிடந்த மிகப் பழைய கற்களில் கஸ்பாரின் கை வேறு மாதிரி இருந்தது. தடுமாறியிருந்தது; ஒரே இடத்தில் அளவுக்கு மேல் இறங்கியிருந்தது. அந்தத் தடுமாற்றத்துக்குப் பக்கத்திலேயே சீராக, பயமில்லாமல் ஓடியது இன்னொரு கை. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கஸ்பாரின் அண்ணன் அருள்நாதன். அவர்தான் தம்பியை இந்தத் தொழிலுக்கு அழைத்து வந்தவர். லூர்து கைக்குழந்தையாக இருந்தபோது, அவரும் இருமி இருமித்தான் செத்துப்போனார். அண்ணன் பேச்சை எடுத்தாலே கஸ்பார் எழுந்து போய்விடுவான்.

மருந்து குடித்துவிட்டு அவன் தூங்கும் மத்தியான நேரங்களில், அவனுடைய பையிலிருந்தே உளியை எடுத்து, ஒரு உடைந்த கல்லில் கொத்திப் பழகினாள். மிஷின் ஓடும் சத்தத்தில் உளிச் சத்தம் அமுங்கிப்போகும். முதல் வாரம் உளி சுத்தியைவிட்டு ஓடியது. இரண்டாவது வாரம் இடது கைக் கட்டைவிரல் நகம் கறுத்தது. மூன்றாவது வாரம் உளி கல்லில் இறங்கும்போது மணிக்கட்டில் ஒரு சின்ன பதில் வருவதை உணர்ந்தாள். முடிந்ததும், அதற்குள் வேலை விட்டு வந்திருக்கும் ஆலிஸின் வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொள்வாள்.

"இன்னாக்கா இது, பூரா வெள்ளையடிச்சுகினு வந்துகீற? தலையெல்லாம் நரச்ச கெயவி மாதிரி" என்று ஆலிஸ் தன் முந்தானையை நனைத்து அவள் காதுமடல், புருவம் எல்லாம் துடைத்துவிடுவாள். தன் வீட்டில் தண்ணீர் இல்லாத நாளில், தெருக்குழாயில் சண்டை போட்டு ஒரு குடம் வாங்கி வைத்திருப்பாள்.

ஒரு சந்தேகம் மட்டும் சிலுவையம்மாளுக்குத் தீரவில்லை. முற்றத்துக் கற்களில் எல்லாக் கோடும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நன்றாகப் பார்த்தபோது எல்லாமே கீழ்க்கற்கள் என்று தெரிந்தது. மேல்கல்லின் நடுவில் தானியம் விழப் பெரிய ஓட்டை இருக்கும். அதில் கயிறு கோத்தால் படகுக்கு நல்ல நங்கூரம். அதனால் தேய்ந்த மேல்கல்லைக் காசிமேட்டுக்காரர்கள் அவ்வப்போது உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பதினான்கு வருஷத்து மேல்கற்கள் அத்தனையும் கடலுக்கடியில் கிடந்தன.

மேல்கல்லில் கோடு எப்படிப் போகும்? அவள் யோசித்தாள். இரண்டு கல்லும் முகத்தோடு முகம் பார்த்துப் படுக்கின்றன. பூசையில் கைகூப்புவது போல. கைகூப்பினால் வலக்கை விரல் இடக்கை விரலோடு ஒட்டி நிற்கிறதல்லவா? அப்படியானால் மேல்கல்லின் கோடு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். கவிழ்த்தால் கோட்டின்மேல் கோடு சரியாக உட்காரும். கோயிலில் முழந்தாளிட்டு, தன் கைகளைக் கூப்பியும் விரித்தும் பார்த்து அதை முடிவுசெய்தாள். மாதாவே காட்டிக்கொடுத்தாள் என்று நம்பினாள்.

தவக்காலம் தொடங்கும் விபூதி புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மிஷினை நிறுத்திக் கல்லைத் தூக்கிக் கொடுத்தார் சுப்புராயன். அவள்தான் கொத்தப்போகிறாள் என்றதும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கஸ்பாரு சொல்லிக்குடுத்தானா?"

"ஆமா மொதலாளி" என்று பொய் சொன்னாள். கஸ்பாரிடம், நெட்டுக்குப்பத்தில் ஒரு தூரத்து உறவைப் பார்த்துவரப் போவதாக இன்னொரு பொய் சொல்லியிருந்தாள். அவனுக்குத் துணையாக ஆலிஸ் அறையில் இருந்தாள்; உளிச் சத்தம் வண்ணாரப்பேட்டை ஆளுடையது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

காவி இழுத்தபோது மேல்கல்லில் பழைய கோட்டின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அது அவள் நினைத்ததற்கு நேர்மாறான பக்கம் சாய்ந்திருந்தது. வண்ணாரப்பேட்டை ஆளின் கைக்கோளாறு என்று எண்ணி, அதை முழுவதும் இறக்கிவிட்டுத் தன் கோட்டை வெட்டினாள். காலைப் பூசை முடிந்து உட்கார்ந்தவள் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் நிமிர்ந்தாள். நல்ல வேலை. சுப்புராயனே விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

மேல்கல்லைக் கவிழ்த்து, பெல்ட்டை மாட்டி, ரேஷன் கோதுமையைக் கொட்டினார்கள். மிஷின் ஓடியது. கீழே விழுந்ததைச் சுப்புராயன் உள்ளங்கையில் ஏந்தி, சட்டென்று கையை உதறினார். கொதித்தது. பாதி நசுங்கிய கோதுமை, பாதி தவிடு. கருகல் வாடை.

"இன்னாம்மா இது? மாவும் இல்ல, ரவையும் இல்ல."

சிலுவையம்மாள் கோதுமையை அள்ளி நீட்டினாள். "மறுபடி ஒரு தபா கொட்டுங்க மொதலாளி."

"இன்னொரு தபா கொட்னா கல்லு வெடிச்சுடும்" என்றார் அவர் வருத்தமாக. "போதும்மா. ஒன்னால ஆனத நீ செஞ்சுட்ட."

அப்போது பின்வாசலில் ஆலிஸின் குரல் கேட்டது: "மாமு, சொல்றத கேளு மாமு, வியுந்துடப்போற!" சுவரைப் பிடித்துக்கொண்டு கஸ்பார் வந்து நின்றான். நாலு மாதத்துக்குப் பிறகு மிஷினுக்குள் வருகிறான். படுத்திருந்த இடத்திலிருந்தே அவன் காதுக்குக் கல்லின் சத்தம் எட்டியிருந்தது.

"கோட்டு மேல கோடு ஒக்காந்துகீது" என்றான். "நிறுத்து. தூக்குங்க அத்த."

தூக்கிப் புரட்டினார்கள். அவன் குனிந்து பார்த்தான். உள்ளங்கையால் கல்லின் முகத்தை ஒரு சுற்றுத் தடவினான். கை ஓரிடத்தில் நின்றது.

"யாரு கொத்துனது?"

அவளே சொன்னாள்: "நாந்தான். நீ சொல்லித்தர மாட்டேன்னியே. நீ போட்ட கல்லப் பாத்துக் கத்துகினேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் கல்லின் ஓரத்திலேயே சரிந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"கையி ஷோக்காகீது சிலுவ. எங்கண்ணன் கையி மாதிரி. ஐயோ, எத்தினி நாளா கொத்தினுகீற?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா!" இருமல் வந்து பேச்சை அறுத்தது. அடங்கும்வரை ஆலிஸ் முதுகைத் தடவினாள். பிறகு அவன் மெல்லச் சொன்னான்: "ஆஸ்பத்திரில நெஞ்ச படம் புடிச்சு காட்னாங்கோ. எல்லாம் வெள்ளவெள்ளையா கீது. டி.பி. இல்லியாம். கல்லுத்தூளாம். உள்ள போனா வெளிய வராதாம். அண்ணனும் இதுலதான் போயிருக்காரு. பாசமா இட்டாந்து பக்கத்துல ஒக்கார வச்சு, உளியோட சேத்து இத்தயும் குடுத்துட்டுப் போயிருக்காரு, அவருக்கே தெரியாம. நான் தெரிஞ்சே ஒனக்குக் குடுப்பனா? அதான் மூஞ்சத் திருப்பிகினு படுத்தேன். பொம்பளைன்னு இல்லடி."

சிலுவையம்மாள் கோபித்துக்கொண்ட அந்த முதுகு முழுவதும் இப்போது அவள்மேல் வந்து விழுந்தது. தாங்க முடியவில்லை.

"உட்டுடு" என்றான் கஸ்பார். "நாம போயிடலாம்."

"எங்கய்யா போறது?"

அவன் சுப்புராயனைப் பார்த்தான். சுப்புராயன் தரையைப் பார்த்தார். மனம் இளகாமல் இல்லை. ஆனால் அவருக்கும் மூன்று மிஷின் ஓட வேண்டும், ஓட வைப்பவனுக்கு ஒரு அறை வேண்டும். கஸ்பார் கையை நீட்டினான்.

"உளியக் குடு."

கடற்கரைப் பக்கத்துக் கதவை முழுக்கத் திறந்துவைக்கச் சொன்னான். அவளைக் காற்று முதுகில் படும்படி உட்காரவைத்து, ஆலிஸ் முந்தானையை நனைத்தது போல ஒரு துணியை நனைத்து அவள் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினான். தன் முகத்துக்கு எதுவும் கட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு கல்லுலயும் கோடு ஒரே பக்கம் சாயணும். கவுத்துப் போட்டா குறுக்க வெட்டும், கத்திரிக்கோலு மாதிரி. நீ கும்புடற மாதிரி போட்டுகீற. கல்லு கும்புடாது சிலுவ." முதல் கோட்டை அவனே வெட்டினான். நடுவிலிருந்து விளிம்புவரை, நிறுத்தாமல். வெட்டி முடித்து இருமியபோது கல்லின்மேல் சிவப்பாகத் தெறித்தது. கையால் துடைத்துவிட்டு உளியை அவளிடம் கொடுத்தான். மிச்சக் கோடுகளை அவள் வெட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் படுக்க வையி... ஆங்... தூளு வரும்போது மூச்ச இயுக்காத... எப்பவும் கதவத் தெறந்து வச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசியதில்லை.

மறுநாள் காலையில் விழுந்த மாவு விரலிடுக்கில் நிற்காமல் வழிந்தது. அறை அவர்களுக்கென்று ஆயிற்று.

தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளியன்று கஸ்பார் செத்துப்போனான். சுப்புராயன் மூன்று மிஷினையும் அன்று நிறுத்தினார். பாடைக்குப் பின்னால் கல்லறைவரை வெறுங்காலோடு நடந்து வந்தார். தனியாக வைத்திருந்த அந்தத் தம்ளரை ஆலிஸ் கழுவி, எல்லோர் முன்னாலும் அதில் காபி ஊற்றிக் குடித்தாள்.

எட்டாம் நாள் ரகுபதி வந்தார். கல் மூட்டைகளை அடுத்த வாரம் வேறு ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள், கிடங்கு வேலை இனி இல்லை என்று தலைகுனிந்து சொன்னார். அவள் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சார், ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கோடாரி செஞ்சவங்களும் இருமினாங்களா?"

"தெரியாதும்மா. எலும்பு கிடைக்கும். நெஞ்சுக்குள்ள இருந்தது எதுவும் கிடைக்காது." பிறகு, "அவங்க தேய்க்கறப்போ தண்ணி விட்டாங்க. ஆனா கொத்தறப்போ விட்டிருக்க முடியாது" என்றார். எதற்காக இதைச் சொன்னோம் என்று வருந்தியவர் போல எழுந்து போனார்.

மூன்று மிஷினுக்கும் இப்போது சிலுவையம்மாள்தான் கொத்துகிறாள். ஒவ்வொரு முறை கல்லைத் தூக்கும்போதும் ஆலிஸ் நனைத்த துணி கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவாள். காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிற நாளில்கூட, வழியில் நின்று கட்டிவிட்டுத்தான் போவாள். துணி சீக்கிரம் காய்ந்துவிடும். கஸ்பார் சொன்னபடி கடல் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கும். வரும் காற்று, தூளில் பாதியையாவது வெளியே கொண்டுபோகும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த லூர்து, வழக்கம்போல அந்தக் கதவுப்படியில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா போனதிலிருந்து அம்மாவைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. அதனால் விரட்ட மனம் வந்ததில்லை. சிலுவையம்மாள் காவிக்கட்டையை இழுத்து, மேடுகளை இறக்கிக்கொண்டே வந்தாள்.

"மா, அங்க ஒண்ணு உட்டுட்ட" என்றாள் லூர்து.

"எங்க?"

"அந்த ஓரம். செவப்பு இல்லாங்காட்டியும் அது மேடுதான். நீ கொத்தசொல்ல அங்க மட்டும் சத்தம் வேற மாதிரி கேட்டுது."

சிலுவையம்மாள் உளியைக் கீழே வைத்தாள். மகளின் வலது கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த அந்தக் கை, ஒரு பென்சிலை உளி பிடிப்பது போலப் படுக்கவைத்துப் பிடித்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்தது மட்டும்தான்.

"எய்ந்துரு. ஆலிஸ் சித்தி வூட்டுக்குப் போ."

"ஏம்மா? நான் சொம்மாதான ஒக்காந்துகீறேன்."

"போன்னு சொல்றேன் இல்ல!"

பெண் மிரண்டு எழுந்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு முதுகைப் பார்த்துத் தான் எப்படி நின்றோமோ அப்படியே அவள் நிற்பதைச் சிலுவையம்மாள் கண்டாள். ஒரு வார்த்தை சொல்லிக் கட்டிக்கொள்ளலாம் என்று வாய்வரை வந்தது. முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கப் போனாள், கை முழுவதும் தூள். எழுந்து போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

காற்று நின்றது. மேலே ஒரு பல்பு எரிந்தது. வெளியே ஆலிஸ் லூர்துவைக் கொஞ்சிச் சமாதானம் செய்யும் குரலும், தலைவார வா என்று கூப்பிடுவதும் கேட்டன. மகளுக்கு ஆறுதலாக அது போதும் என்று சிலுவையம்மாளுக்குத் தோன்றியது. மகளுக்காக அதற்குமேல் கேட்க வேறு யாருமில்லை என்றும் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து, மகள் காட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மேடுதான். உளியை வைத்துத் தட்டினாள்.